வண்டிச் சாவி என்னிடம் இருக்கிறது

கண்ணு, நீ எழுந்ததும் முதலில் வண்டிச் சாவியைத்தான் தேடுவாய். ஃப்ரிட்ஜ் மேல் பார்ப்பாய், தலையணைக்கு அடியில் பார்ப்பாய், பிறகு நாகவேணிக்குப் போன் போட்டுக் கத்துவாய். கத்த வேண்டாம். சாவி வளையத்தோடு என்னிடம் இருக்கிறது. உன் யூனிஃபார்ம் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. இதைக் கடைசிவரை படிக்காமல் இரண்டில் எதுவும் உன் கண்ணில் படாது. வாயால் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே போனைப் பார்ப்பாய். காகிதத்திடம் "சரிம்மா" சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒளித்து எழுதவில்லை. என் மருமகள் நாகவேணியும் படிக்கட்டும். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் காட்டு. தூக்கம் வரவில்லை என்று ஒருவன் சொன்னால், இன்னொருவன் தன் பையிலிருந்து மாத்திரையைப் பிய்த்து மிட்டாய் கொடுப்பதுபோல் கொடுக்கிற கூட்டம் நீங்கள். உங்களைப் பெற்றவர்களில் யாராவது ஒருத்தி எழுதித்தான் ஆக வேண்டும். நான் எழுதுகிறேன்.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி நடத்தியவரைக்கும் தூக்கம் எனக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. இருட்டியதும் படுப்பேன், லோடு வருகிற இரண்டு மணிக்கு எழுந்துவிடுவேன். யாரும் எழுப்ப வேண்டியதில்லை. லாரி ஹாரன் அடிப்பதற்கு முன்பே என் கால் தரையில் இருக்கும். முழங்கால் போன பிறகு மண்டியை விட்டேன். நீ வந்து மத்திகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் கிரில் கேட். லைன் வீட்டில் கடைசி வீடு. இங்கே வந்த பிறகும் இரண்டு மணிக்கு என் உடம்பு எழுந்துகொண்டது. எழுந்து என்ன செய்வது? பிரிக்கப் பழம் இல்லை, திட்ட ஆள் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பகலிலாவது கண்ணை மூடலாம் என்றால், உன் ஷிப்ட் ஒரு வாரம் இருந்ததுபோல் மறுவாரம் இருப்பதில்லை. பர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் விடிவதற்கு முன்பே லைட் எரியும். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் நீ வந்து கேட்டைத் தட்டும்போது பாதி ராத்திரி ஆகியிருக்கும். நாகவேணி காலையில் வேலைக்குப் போக வேண்டியவள் என்பதால் நான்தான் எழுந்து திறப்பேன். நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் முழுக்க வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். குக்கர் விசில் அடிக்கக் கூடாது, டிவி கூடாது, நான் இருமக்கூடக் கூடாது. இந்த வீட்டில் ராத்திரி எப்போது என்பதை முடிவு செய்வது சூரியன் இல்லை, உன் கம்பெனி.

அந்தக் காலத்தில்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப் போனாய். டாக்டர் நல்ல மனுஷன். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எத்தன மணிக்குப் படுப்பீங்கம்மா?"

"எந்த வாரத்தக் கேக்கறீங்க சார்?" என்றேன் நான்.

நீ சிரித்துவிட்டாய். "அவுங்க அப்படித்தான் சார், எதுக்கெடுத்தாலும் எகனமொகன. பத்து மணிக்குப் படுப்பாங்க சார்" என்று நீயே பதில் சொன்னாய். அவர் எழுதிக்கொண்டார். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. இத்தனை நாளில் யாரும் கேட்காத ஒரு நல்ல கேள்வியை அந்த மனுஷன் கேட்டார், அதற்கு என்னிடம் இருந்த ஒரே உண்மையான பதிலைச் சொன்னேன். அதை நீ துடைத்துவிட்டு உன் பதிலை வைத்தாய். அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பத்து மணியிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

படுக்கப் போகும்போது ஒரு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும் என்றார். நாம் போனோமா? உனக்கு ஓவர்டைம். "அதே மாத்திரதான, சீட்டு இருக்குது, மெடிக்கல்ல வாங்கிக்கலாம்" என்றாய். சீட்டைக் கடைக்காரர் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சீட்டுகூடத் தேவைப்படவில்லை. என் பேரைச் சொன்னால் அட்டை வந்தது.

பத்து மணிக்குப் போடுவேன். செகண்ட் ஷிப்ட் வாரத்தில், நன்றாக அசந்திருக்கிற நேரத்தில் நீ வந்து கேட்டைத் தட்டுவாய். எழுந்து திறந்துவிட்டுப் படுத்தால் தூக்கம் அறுந்து போயிருக்கும். அப்போது இன்னொன்று போட்டுக்கொள்வேன். கூடையில் பழம் குறைந்தால் மேலே நாலு போட்டு நிரப்புகிறோம் இல்லையா, அதுபோல்தான் எனக்குப் பட்டது. அதற்காக நான் தலை குனியப் போவதில்லை. போடக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார். அவர் சொன்னதைக் கேட்க வேண்டியவன் நீ, அப்போது உன் சூப்பர்வைசர் போனில் இருந்தார். நடுவில் எனக்குச் சளி பிடித்தது. நாகவேணி நல்ல மனசோடு சளி மருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள். அதுவும் தூக்கம் தருகிற மருந்து என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் நடந்தது எனக்கு நினைவில்லை. நாகவேணி சொல்லித்தான் தெரியும். தொக்கு போடுவதற்காக அவள் கெலமங்கலத்திலிருந்து ஒரு பெட்டி தக்காளி வாங்கி வந்து வைத்திருந்தாள். அவள் எழுந்து வந்தபோது நான் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தேனாம். பெட்டி காலி. பழுத்தது ஒரு வரிசை, செங்காய் ஒரு வரிசை, காய் ஒரு வரிசை, அடிபட்டது தனியாக ஒரு குவியல். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததாம், மேலே வெறும் வாணலி. கேட் திறந்து கிடந்ததாம். "என்ன அத்தம்மா இது?" என்று அவள் கேட்டதற்கு, அவளை நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊரு லோடும்மா நீ? வண்டிய ஓரமா நிறுத்து" என்றேனாம். என் கண் திறந்துதான் இருந்ததாம். அவள் பயந்து அழுதுவிட்டாள். ஒன்று மட்டும் அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். ஒரு பழம்கூடத் தப்பான வரிசையில் இல்லையாம்.

அன்றைக்கு மதியம் நான் படுத்திருக்கிறேன் என்று நினைத்து உன் பெரியப்பா மகனிடம் போனில் பேசினாய். "அம்மாவுக்கு நெனப்பு தப்பிடுச்சி அண்ணா. இனிமே தனியா உட முடியாது. கிருஷ்ணகிரி பக்கம் ஏதோ ஹோம் இருக்குதாமே, விசாரிச்சிச் சொல்லேன்." நான் தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டேன். முப்பது பெட்டி பழத்துக்கு மனக்கணக்குப் போட்டவளை, தமிழில் வாங்கி, தெலுங்கில் விலை பேசி, கன்னடத்தில் லாரி ஏற்றியவளை, ஒரே காலையில் முடித்துவிட்டாய். சாயங்காலம் புதுப் பூட்டு வாங்கி வந்தாய். மாத்திரை பீரோவுக்குள் போனது, நான் கேட்டுக்குள் போனேன்.

நாகவேணிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. முன்னால் ஒரு கூட்டமே நின்றது, இருந்தாலும் அவசரப்படாமல் கேட்டாள்.

"மாத்திர போட்டப்புறம் என்ன பண்ணுவீங்க பாட்டி?"

"கேட் தொறப்பன்" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாத்திர போட்டுட்டு எழுந்து நடப்பீங்களா? தெனமும் ஒண்ணுதானா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது மாத்திரை, சளி மருந்து, வாரத்துக்கு வாரம் மாறுகிற ராத்திரி, தக்காளி வரிசை. நாகவேணி பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். மறதிக்காரி என்று பேர் வாங்கியவள் அதையும் மறந்தால் அவ்வளவுதான். "இது மூள கலங்கினது இல்ல பாட்டி. இந்த மாத்திரையும் அந்தச் சளி மருந்தும் சேந்து பண்ண வேல. கண்ணு தொறந்திருக்கும், கையி காலு வேல செய்யும், மனசு மட்டும் தூங்கிகினு இருக்கும். காலைல ஒண்ணும் நெனப்பு இருக்காது. ஒரு தடவ இப்படி ஆச்சுன்னா அந்த மாத்திர உங்களுக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம்."

அதன் பிறகு அவள் விளக்கியதை என் வார்த்தையில் உனக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேள். இந்த மாத்திரையைப் போட்டால் படுக்கையில் உட்கார்ந்துதான் போட வேண்டும். போட்டபின் படுப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. கேட் திறக்கிறது, அடுப்பு பற்றவைக்கிறது, மாடிப்படி ஏறுகிறது, எதுவும் கூடாது. போடுகிற நேரத்திலிருந்து ஏழெட்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத தூக்கம் கையில் இருந்தால்தான் போடலாம். நாலு மணி நேரத்தில் எழ வேண்டும் என்றால் அன்றைக்கு அந்த மாத்திரையே வேண்டாம். நடுவில் விழிப்பு வந்தால் இன்னொன்று கிடையாது, எவ்வளவு நேரம் சுவரைப் பார்த்தாலும் கிடையாது. முந்தின நாள் போட மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்துப் போடுவது கிடையாது. சளி மருந்து, அரிப்பு மாத்திரை, வலி மாத்திரை எது சாப்பிட்டாலும் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குடித்த நாளில் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம் என்றாள். வயசானவர்கள் உடம்பில் மருந்து சீக்கிரம் வெளியேறாது, அதனால் எங்களுக்கு அளவு எப்போதும் குறைவு. ஒருத்தருக்கு எழுதின அளவை இன்னொருத்தர் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. முக்கியமாக ஒன்று சொன்னாள். இது ரொம்ப நாள் ஓட்டுகிற மாத்திரை இல்லை, கொஞ்ச நாளைக்குத்தான். ஆனால் ரொம்ப நாள் போட்டுவிட்டுக் கோபத்தில் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, எப்படி நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் அன்றைக்கே தூக்கி எறிய இருந்தேன். அவள்தான் தடுத்து, பாதி, கால் என்று தன் கண் முன்னால் குறைத்து நிறுத்தவைத்தாள்.

மாத்திரை நின்றது. பூட்டு நிற்கவில்லை. என் மனசில் இருக்கிற முள் இதுதான்.

டாக்டரம்மா சொன்னதை நாகவேணி உன்னிடம் சொன்னாள். நீ, "சரி, இருந்தாலும்..." என்றாய். அந்த "இருந்தாலும்" இன்னும் முடியவில்லை. நான் சாவி கேட்டபோதெல்லாம் "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றாய். என் நல்லதுக்காக நான் கிரில் கம்பி வழியாகக் காய்கறி வாங்குகிறேன். தள்ளுவண்டிக்காரன் கர்நாடகா ஆள், வாய் நீளம். தினமும் கம்பிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "ஏனம்மா, ஜெயில் ஊட்ட ஆய்தா?" என்பான். ஜெயில் சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறான். "ஆச்சுப்பா, உன் தக்காளி தவிர எல்லாம் நல்லா இருந்துச்சி" என்பேன். அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். எனக்குப் போக இடம் கிடையாது. சிலிண்டர் வாசனை வருகிறதோ என்று ஒரு நாள் பயம் வந்தது. கேட்டருகே போய் நின்றேன். பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை, வெறும் பயம்தான். ஆகியிருந்தால் என்று நீ எப்போதாவது யோசித்தாயா?

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாகவேணியோடு கடைக்குப் போனேன். முழங்காலுக்குத் தைலம் வாங்க மெடிக்கலில் நின்றேன். கடைக்காரர் மதுரைப் பக்கம், மரியாதையான ஆள்.

"என்னம்மா, இப்ப நல்லா உறக்கம் வருதா? மகன் போன வாரங்கூட உங்களுக்கு அட்டை வாங்கிட்டுப் போனாரே."

நான் நாகவேணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். வரும் வழியில்தான் சொன்னாள். "பாவம் அத்தம்மா, பகல்ல அவருக்குத் தூக்கமே வரதில்ல. நைட்டு பூரா கம்பெனில பிரஸ் மிஷின்ல நின்னு நின்னு... நீங்க எதுவும் கேக்காதீங்க."

என் பேரில், என் வயசுக்கு, என் உடம்புக்கு எழுதிய சீட்டில் உனக்கு மாத்திரை. எனக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை என்று டாக்டரம்மா சொன்ன அதே மாத்திரை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் லாரி போர்டையும் பெட்டி மேல் ஒட்டின சீட்டையும் பார்த்து இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டவள். உன் சட்டைப் பையில் இருந்த அட்டையை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன். அதேதான்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. முந்தாநாள் நீ ஹாலில் உட்கார்ந்து யாரோ ஒரு பையனுக்குப் போனில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாய். "வூட்டுக்கு வந்து போடாதடா, லேட் ஆயிடும். கார்டு பஞ்ச் பண்ணும்போதே கேன்டீன் டீல போட்டுக்கோ. வூடு சேர்றதுக்கும் கண்ணு சொக்கறதுக்கும் கரெக்டா இருக்கும்." கண்ணு, நீயும் இப்படித்தான் செய்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாத்திரையை வாயில் போட்டுவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறாய். கன்டெய்னர் லாரி வரிசையாகப் போகிற பெங்களூர் ரோட்டில், உன் கண் சொக்குகிற நேரத்தைக் கணக்குப் போட்டு ஓட்டுகிறாய். தூங்கக் கிடைக்கிற நேரம் குறைவு என்று, தூக்கத்தை ரோட்டிலேயே ஆரம்பித்து வைக்கிறாய். ஷிப்டில் வேலை செய்கிறவனுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். இதைப் போய் இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறாய்.

போன புதன்கிழமை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காலையில் வந்தாய், வண்டியைச் சந்திலேயே எஞ்சின் ஓட ஓட விட்டுவிட்டு உள்ளே வந்தாய். பக்கத்து வீட்டு மேரிதான் அதை அணைத்து ஓரமாகத் தள்ளி வைத்தாள். நீ உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாய், சட்னி வேண்டும் என்று கேட்டு வாங்கினாய். போனில் யாரிடமோ மறுநாள் ஓவர்டைமுக்கு வருகிறேன் என்றாய். படுத்தாய். மதியம் எழுந்து வந்து, "ஏம்மா, நான் பட்டினியாப் படுத்துட்டனே, எழுப்பக் கூடாதா?" என்று என்னைக் கேட்டாய். உன் தட்டு காய்ந்து உன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. "வண்டிய யாரு ஓரமா வெச்சது?" என்றாய். ஓவர்டைம் பற்றிக் கேட்டால் முழித்தாய்.

என் தக்காளி வரிசைக்கும் உன் இட்லித் தட்டுக்கும் என்னடா வித்தியாசம்?

நான் நாகவேணியிடம் சொன்னேன். "உங்களுக்கு ஆனது வேற அத்தம்மா, அவருக்கு அலுப்பு" என்றாள். அதாவது எனக்கு வந்தால் பைத்தியம், உனக்கு வந்தால் அலுப்பு. எனக்கு ஒரு பூட்டு வாங்கினீர்கள். உனக்கு யாரும் பூட்டு வாங்கவில்லை, உன் பெரியப்பா மகனுக்கு யாரும் போன் போடவில்லை. நான் தரையில் உட்கார்ந்து தக்காளி பிரித்தேன், அவ்வளவுதான். நீ அதே நிலையில் வண்டி ஓட்டுகிறாய், அதே கையைத் தகடு அமுக்குகிற பிரஸ்ஸுக்கு அடியில் நீட்டுகிறாய். வாரலீவு நாளில் அத்திப்பள்ளி தாண்டிப் போய் நண்பர்களோடு குடித்துவிட்டு வருகிறாய். அன்றைக்கும் மாத்திரை போடுகிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாய். பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். மண்டிக்கு வா என்று கூப்பிட்டபோது ஐடிஐ படித்தே தீருவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன் நீ. பிடிவாதத்தை என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய், அதனால் அதை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். உன் ஷிப்டும் என் கையில் இல்லை. உனக்கு நிஜமாகவே தூக்கம் வரவில்லை என்பதும் தெரியும். ஜன்னலில் போர்வை கட்டிக்கொண்டு, வெளியில் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தில் நீ புரண்டு புரண்டு படுப்பது எனக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. அந்த அவஸ்தையை அறிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். எனக்கு இன்றைக்கும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. மாத்திரை இல்லாமல் அதோடு படுத்திருக்கக் கற்றுக்கொண்டேன். உனக்கு மருந்து வேண்டியிருக்கலாம், வேண்டாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது ஒரு டாக்டர். நானும் இல்லை, மெடிக்கல்காரரும் இல்லை, உன் சிநேகிதனும் இல்லை.

இனி நான் இன்றைக்குச் செய்ததைச் சொல்கிறேன். காலையில் நீ படுத்த பிறகு, நாகவேணி வழக்கம்போல் கேட்டை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். உன் சட்டையை ஊற வைக்க எடுத்தேன். ஒரு பையில் அட்டை, இன்னொரு பையில் சாவி வளையம். வளையத்தில் இரண்டு சாவி தொங்கியது. ஒன்று வண்டிச் சாவி. இன்னொன்று என்ன என்று உனக்கே தெரியும். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டில் சாவியைத் திருகினேன். திறந்துகொண்டது. இத்தனை மாதம் மலைபோல் தெரிந்தது, திருகினால் அவ்வளவுதான்.

மேரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன ஆயா, ரிலீஸ் பண்ணிட்டாங்களா?" என்றாள். "நானே பண்ணிக்கிட்டன். என் பையன் தூங்கறான், கேட்டு தொறந்திருக்குது, ஒரு கண்ணு வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மாட்டுப்பண்ணைச் சுவர் ஓரமாகவே போனேன். வழி மறக்கவில்லை. முழங்கால் வலித்தது, அது மூளையில் சேராது.

மெடிக்கலில் சொன்னேன். "என் பேர்ல இருக்கற சீட்ட உன் போன்ல இருந்து அழிச்சிடுப்பா."

"உங்க மகன்தானம்மா வந்து கேக்குறாரு..."

"சீட்டுல யாரு பேரு இருக்குது?"

"உங்க பேருதாம்மா."

"அப்ப நான் சொல்றன். டாக்டரே எனக்கு வேணாம்னு நிறுத்தின மாத்திர அது. அழி."

அவர் என் முன்னாலேயே அழித்தார். "தப்புதாம்மா, நான் கேட்டிருக்கணும்" என்றார். இந்த விஷயத்தில் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர். உன் வாயிலிருந்து வரும் என்று நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. காத்திருந்தது போதும்.

திரும்பி வந்து உன்னை எட்டிப் பார்த்தேன். வாய் திறந்து தூங்குகிறாய். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தரம் எழுந்து போய் மறுபடியும் பார்த்தேன்.

எழுந்து குளி, சாப்பிடு. சாயங்காலம் நாம் இருவரும் அந்த டாக்டரம்மாவைத் தேடிப் போகிறோம். அவள் இல்லாவிட்டால் கிளினிக் டாக்டரிடம் போகிறோம். ஆட்டோவில் போகிறோம், வண்டியில் இல்லை. அட்டையை நானே மேசை மேல் வைப்பேன். எத்தனை நாளாகப் போடுகிறாய், எங்கே வைத்துப் போடுகிறாய், குடிக்கிறாயா, புதன்கிழமை என்ன நடந்தது, எல்லாவற்றையும் நீ சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்போது, "எந்த வாரத்தைக் கேட்கிறீர்கள்?" என்று நீ சொல்ல வேண்டும். பத்து மணி என்று சொன்னால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், ஞாபகம் வைத்துக்கொள். ராத்திரி டூட்டிக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்பதையும் அவர்களே சொல்லட்டும். போகச் சொன்னால் கம்பெனி பஸ்ஸில் போ, பஸ்ஸிலேயே வா. வண்டிச் சாவி என்னிடம் இருக்கும். இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்கிற அன்றைக்குக் கேட்காமலே தருவேன்.

கேட் சாவியை வளையத்திலிருந்து கழற்றி என் முந்தானையில் முடிந்துவிட்டேன். அது திரும்பி வராது. அதைப் பற்றி நீயும் நானும் பேச எதுவும் இல்லை.

மெடிக்கலுக்குப் போனபோதும் கேட்டைப் பூட்டவில்லை, இப்போதும் பூட்டவில்லை. உள்ளே ஒருத்தன் மாத்திரை போட்டுத் தூங்கும்போது வெளியே பூட்டு மாட்டுகிற வேலையை நான் செய்ய மாட்டேன். கேட் அகலத் திறந்து கிடக்கிறது, நான் எங்கும் போகவில்லை. நீ கண் விழிக்கும்போது உன் மனசும் சேர்ந்து விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதனால் உன் அறைக் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.